மின்விசிறி போடக்கூடாத அறை

காய்ந்த செடியைத் தாளில் ஒட்டுகிறவளுக்கு யார் பட்டம் கொடுக்கப்போகிறார்கள்? அந்தத் தாவரக் கூடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பட்டம் ‘கோந்தக்கா’. வாசல் காவலாளி முதல் கூடத்தின் காப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் கோந்தக்காதான். காப்பாளர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் கூச்சமில்லாமல் அக்கா போட்டுத்தான் கூப்பிடுவார். பள்ளிச் சான்றிதழில் இருக்கிற சொந்தப் பெயர் மாதம் ஒருமுறை சம்பளப் பட்டியலில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும்.

பதினாறு வருஷமாக அதே மேசை, அதே முக்காலி. யாரோ மலையேறிச் செடி பறித்து, செய்தித்தாளில் வைத்து அழுத்தி, அப்பளமாகக் காயவைத்துக் கட்டுக்கட்டாக அனுப்புவார்கள். அவள் ஒவ்வொன்றையும் தடித்த வெள்ளைத் தாளில் கிடத்துவாள். எல்லா இலையும் முகம் காட்டினால் போதாது, ஒரு இலையாவது முதுகைக் காட்ட வேண்டும். கோந்து தடவி ஒட்டி, தண்டுக்குக் குறுக்கே மெல்லிய காகிதப் பட்டை போட்டு, வலது கீழ் மூலையில் சீட்டு ஒட்ட வேண்டும். உதிர்ந்த பூவோ விதையோ எதையும் எறியக்கூடாது. காகிதத்தை மடித்து ஒரு சின்ன உறை செய்து, அதற்குள் போட்டு, அதே தாளின் மூலையில் ஒட்டிவிட வேண்டும். ஒழுங்காக ஒட்டிய தாள் முந்நூறு வருஷம் தாங்கும் என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

இதுவரை நாற்பதாயிரம் தாளுக்குக் குறையாமல் ஒட்டியிருப்பாள். சீட்டில் செடியைப் பறித்தவர் பெயர் இருக்கும், இன்ன செடி என்று சொன்னவர் பெயர் இருக்கும். அலமாரி வாங்கிக் கொடுத்த புண்ணியவான் பெயர்கூடப் பித்தளைத் தகட்டில் இருக்கும். ஒட்டியவள் பெயருக்கு மட்டும் இடம் கிடையாது. அதைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை என்று எழுதினால் அவளை நல்லவளாகக் காட்டிய மாதிரி இருக்கும். ஆனால் அது பொய். தினமும் புலம்புவாள், வீட்டில், புருஷனிடம். அவர் இல்லாவிட்டால் அடுப்பிடம்.

திங்கட்கிழமை காலையில் மாடியிலிருந்து ஆராய்ச்சியாளர் இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதுப் பெண், கழுத்தில் எப்போதும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே செடி இனம்தான் உலகம்: அக்மெல்லா. பல்வலிப் பூண்டு என்றால் தெரியும். சூரியகாந்திக் குடும்பத்தில் ஏழை உறவு. வெயிலும் ஈரமும் உள்ள ஊர் எதுவானாலும் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும். உச்சியில் மஞ்சளாக ஒரு கூம்பு. பார்க்கிறவர்களுக்கு அது ஒரே பூ. உண்மையில் நூறு நூற்றைம்பது குட்டிப் பூக்கள் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம். கூடத்தில் அதைக் ‘கொண்டை’ என்பார்கள். சில வகைக் கொண்டையைச் சுற்றிப் பாவாடை மாதிரி இதழ்கள் இருக்கும், சில வகைக்குப் பாவாடையே கிடையாது. கொண்டையைக் கிள்ளிக் கடித்தால் நாக்கு சுறுசுறுவென்று ஏறி, எச்சில் ஊறி, பிறகு மரத்துப்போகும். கோந்தக்கா வீட்டுப் பின்பக்கச் சாக்கடை ஓரத்திலும் ஒரு புதர் உண்டு. பல் வலித்தால் மெல்லுவாள், மனசு சரியில்லாவிட்டாலும் மெல்லுவாள்.

“அக்கா, புதுச் செடி ஒண்ணு கிடைச்சிருக்கு. நம்ம அலமாரியிலயே இருந்திருக்கு” என்றாள் ஆராய்ச்சியாளர்.

தாள் எண் 4417. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மலை ஓடை ஒன்றின் கரையில் பறித்தது. இலை ஒடுக்கம், கொண்டைக்குப் பாவாடை இல்லை. இந்த வகைகளெல்லாம் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. முகத்தை வைத்துப் பிரிக்க முடியாது, விதைக்குத்தான் போக வேண்டும். எள்ளைவிடச் சின்ன கறுப்பு விதை. சிலதுக்கு ஓரம் முழுக்க ரோம வரிசை இருக்கும். சிலதுக்கு ஓரம் மொட்டை, தலையில் மட்டும் இரண்டு மீசை.

“ஒடுக்கமான இலை, பாவாடை இல்லாத கொண்டை, மீசை வச்ச விதை. இந்த மூணும் ஒண்ணா இருக்கிற செடிய இதுவரைக்கும் யாரும் எழுதல அக்கா. செடியில ஒட்டியிருக்கிற கொண்டையெல்லாம் பிஞ்சு. ஒண்ணே ஒண்ணுதான் முத்தினது, அதைப் பிரிக்க எனக்கு மனசு வரல. விதை கிடைச்சது உங்க உறையிலதான். வேற யாராவது ஒட்டியிருந்தா உதிர்ந்ததத் தட்டிக் குப்பையில போட்டிருப்பாங்க.”

“போடக்கூடாதுங்க மேடம். அதுக்குத்தானே உறை.”

“அதான் சொல்றேன். அந்தச் செடிக்கு உங்க பேரு வைக்கப் போறேன். வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரை போகுது.”

செடியின் பெயர் இரண்டு சொல். முதல் சொல் இனத்துக்கு, இரண்டாவது அவளுக்கு. அவள் பெயர் லத்தீன் வால் வைத்துக்கொண்டு, உலகத்திலுள்ள எல்லாத் தாவரக் கூடங்களிலும் உட்காரும். காப்பாளர் பெயர் எந்தச் செடிக்கும் இல்லை. அலமாரிப் புண்ணியவானுக்கும் இல்லை. அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். கால் தரையில் பட்டதா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வீட்டில் மகள் குதித்தாள். பத்து வயதுக்காரி, வாயில் எதுவும் தங்காது. மறுநாள் மதியத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்து, வகுப்பு டீச்சர் கரும்பலகையில் எழுதி எல்லோரையும் கைதட்ட வைத்தாராம். எலக்ட்ரீஷியனான புருஷன் அதிகம் பேசுகிறவர் இல்லை. “இனிமே அடுப்புகிட்ட புலம்ப மாட்டேல்ல” என்று மட்டும் கேட்டுவிட்டு, கடைக்குப் போய் அரைக் கிலோ இனிப்பு வாங்கி வந்தார்.

அத்தோடு நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் தன் செடியைத் தான் ஒருமுறை சாவகாசமாகப் பார்க்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆசை வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தாள். ஒட்டினது நேர்த்திதான், பட்டை போட்டதும் நேர்த்திதான். எந்த நாளில் இவ்வளவு நன்றாக ஒட்டினோம் என்று பெருமையாகப் பழைய நாள்குறிப்பேட்டைப் புரட்டினாள். இன்ன நாளில் இன்ன எண்கள் ஒட்டியது என்று அவளே எழுதி வைத்த ஏடு. 4417, 4418. பக்கத்தில் தேதி.

அந்தத் தேதி அவளுக்கு மறக்காது. பிறந்த நாள் மறந்தாலும் அது மறக்காது.

ஒட்டும் அறையில் ஒரு மின்விசிறி உண்டு. அதற்குக் கீழே சுவரில், ‘மின்விசிறி போடாதீர்கள்’ என்று மூன்று அளவில் மூன்று பலகையும் உண்டு. வேலை நேரத்தில் எவ்வளவு புழுங்கினாலும் போடக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் தாள்களையெல்லாம் மூடிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அது ஓடாமல் நின்றது. புதிதாக வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார்.

“சரி பண்ணுங்க, ஆனா போட்றாதீங்க” என்று அவள் சொன்னாள்.

“போடாம, ஓடுதா ஓடலையான்னு எப்படிங்க தெரியும்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்குக் காத்திருந்தாரா என்றால் இல்லை. போட்டார். அதுவும் ஐந்தில்.

அரை நிமிஷம்தான். சீட்டெல்லாம் கூரைக்குப் போனது. மேசையில் கோந்து காயாமல் கிடந்த இரண்டு தாள்கள் அசையவில்லை. ஆனால் அவற்றின் பக்கத்தில் தனித்தனிக் கிண்ணத்தில் இருந்த உதிர்ந்த கொண்டைகள் கிண்ணத்தோடு பறந்தன. இரண்டு பேரும் மேசைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினார்கள். ஆறு கொண்டைகள் கிடைத்தன. அவர் அதை அவள் உள்ளங்கையில் வைத்து, “எது எதோடதுங்க?” என்றார். காய்ந்து இதழ் உதிர்ந்த கொண்டைகள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கண்ணாடி வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவள் கொண்டையைப் பார்க்கவில்லை, தலையெல்லாம் தூசியாகச் சிரித்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தாள். “இது இதோடது, அது அதோடது” என்று மூன்றை 4417 உறையிலும் மூன்றை 4418 உறையிலும் போட்டாள். ஆறு மாதத்தில் கல்யாணம்.

இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்! யார் வீட்டுக்கு வந்தாலும், உங்களுக்குள்ள எப்படிப் பழக்கம் என்று கேட்டால், மின்விசிறியில் ஆரம்பித்து மேசைக்கடியில் முடிப்பார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அது தப்பு என்று அவளுக்கு உறைத்ததில்லை.

இப்போது உறைத்தது. 4418-இன் உறையைப் பிரித்து, விதையைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். ஓரம் முழுக்க ரோம வரிசை, மீசை இல்லை. அந்தத் தாள் பாவாடை உள்ள வகை. நன்றாகத் தெரிந்த செடி, அதன் உறையை யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே வகையின் வேறு தாள்களை அலமாரியிலிருந்து எடுத்து, அவற்றின் உறைகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஓரம் மொட்டை, தலையில் இரண்டு மீசை. அப்படியானால் மீசை விதை 4418-இனுடையது. அது 4417-இன் உறையில் உட்கார்ந்துகொண்டு புதுச் செடி வேஷம் போடுகிறது.

அப்படித்தானா? அடித்துச் சொல்ல முடியுமா? ஒருவேளை மலை ஓடையில் இரண்டுமே கொஞ்சம் விசித்திரமாக இருந்திருக்கலாம் அல்லவா? இந்த ‘ஒருவேளை’ இருக்கிறதே, அது அவளை உட்காரவிடவில்லை. கோந்துக் கிண்ணத்தை நிரப்பப் போனாள், நிரம்பிய கிண்ணத்தோடு திரும்பி வந்தாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் மறுபடி போனாள். தண்ணீர் குடிக்க நாலு தடவை எழுந்தாள். ஒரு தாளில் எல்லா இலையையும் முகம் மேலே வைத்து ஒட்டிவிட்டு, அதைப் பிரித்து மறுபடி ஒட்ட ஒரு மணி நேரம் செலவழித்தாள். பதினாறு வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் புருஷனிடம் குட்டை உடைத்தாள். அவர் ஒரு பழைய சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நீ வேணும்னா செஞ்ச? இல்லல்ல. அப்புறம் என்ன? விடு.”

“எப்படிங்க விடுறது? இல்லாத செடிக்கு என் பேரா?”

“தப்புன்னா நூறு வருஷம் கழிச்சு எவனாவது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும். அப்ப நீயும் இருக்கப் போறதில்ல, நானும் இருக்கப் போறதில்ல. பாப்பாவும் பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்கா.”

“உங்கள ஒண்ணு கேக்குறேன். ஒரு வீட்ல ஒயர மாத்திக் குடுத்துட்டு வந்துட்டீங்க. விளக்கு எரியுது, யாருக்கும் தெரியாது. நீங்க சும்மா தூங்குவீங்களா?”

போன மழைக்காலத்தில், எர்த் ஒயரைச் சரியாக முறுக்கினோமா என்ற சந்தேகத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கொட்டுகிற மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன ஆள் அவர். சரியாகத்தான் முறுக்கியிருந்தார். நனைந்ததுதான் மிச்சம். கொஞ்ச நேரம் திருப்புளியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “ஃபேன் போட்டது நான்தானே. நான் வந்து சொல்லிர்றேன்” என்றார்.

“நீங்க வந்து இன்னும் எதையாவது போட்டுட்டுப் போகவா? பேசாம இருங்க.”

உள்ளறையில் மகள் அம்மா பெயரை லத்தீன் வாலோடு நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அதைப் பார்த்தபோது, சொல்லவே வேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள். முகம் கழுவிவிட்டு வந்தபோது, சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை காலை கிளம்பும்போது தைரியத்துக்கு இருக்கட்டும் என்று பின்பக்கம் போய் நாலு கொண்டையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மனசு நிலையில்லாதபோது எண்ணிக்கை தெரியுமா? பஸ்ஸில் போகும்போதும் பையில் இருந்ததை மென்றுகொண்டே போனாள். மாடிப்படி ஏறி, ஆராய்ச்சியாளர் முன்னால் நின்று, “மேலம், ஒலு விஷலம்” என்றாள். நாக்கு கட்டையாகிவிட்டது. கடைவாயில் எச்சில் வழிந்தது.

ஆராய்ச்சியாளர் விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்க செடியோட சொந்தக்காரனையே தின்னுட்டு வந்துட்டீங்களா? அக்கா, இதப் பாருங்க, இப்பதான் அச்செடுத்தேன்” என்று ஒரு தாளை நீட்டினாள். மேலே சாய்ந்த எழுத்தில் இரண்டு சொல். அக்மெல்லா, பக்கத்தில் அவள். கீழே சின்ன எழுத்தில், உதிர்ந்தவற்றையும் காத்து வைத்தவளின் பெயரால், என்று ஒரு வரி.

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். தாளை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். படிக்கட்டின் திருப்பத்தில் நின்று அழுதாள். வேண்டும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பெயர் அவளுக்கு வேண்டும். நாற்பதாயிரம் தாளுக்கு ஒரே ஒரு தாளில் அவள் பெயர் இருந்தால் யார் குடி முழுகிப்போகும்?

நாக்கு சரியாக ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எத்தனை தடவை முக்காலியில் உட்கார்ந்து எழுந்தாளோ. கடைசியில் எழுந்தபோது கையில் இரண்டு தாளும் நாள்குறிப்பேடும் இருந்தன. ஏறிப் போய், உட்காராமல், மின்விசிறியிலிருந்து மேசைக்கடி வரை சொல்லி முடித்தாள். இந்தத் தடவை அந்தக் கதைக்கு யாரும் சிரிக்கவில்லை.

“இத இவ்வளவு நாளும் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிட்டு இருந்தீங்களா?” என்று ஆராய்ச்சியாளர் கேட்டாள். குரல் உயரவில்லை. அதுதான் உறுத்தியது.

“ஆமா மேடம்.”

“எனக்கு ஒரு வருஷ உழைப்பு அக்கா.”

“தெரியும் மேடம்.”

ஆராய்ச்சியாளர் எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிறகு, “அந்த முத்தின கொண்டை ஒண்ணு செடியிலயே இருக்கு. அது பறக்கல. அதப் பிரிச்சுப் பாத்துரலாம்” என்றாள். பிரிக்க மனசு வரவில்லை என்று சொன்ன அதே கொண்டை. பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்தவள், அதைக் கோந்தக்காவிடம் நீட்டினாள். “நீங்களே எடுங்க. உங்க கைதான் நிக்கும்.”

அவள் கை நின்றது. மூன்று நாளாகத் தடுமாறிய கை, இடுக்கி பிடித்ததும் நின்றது. ஒட்டியிருந்த காம்பை உடைக்காமல் கொண்டையை மட்டும் கழற்றினாள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்ட வெந்நீரில் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவைத்தார்கள். ஊறியதை ஊசியால் பிரித்தபோது, படகு மாதிரிச் சின்னச் செதில்களுக்குள்ளிருந்து கறுப்பு விதைகள் வந்தன. ஆராய்ச்சியாளர் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, “பாருங்க” என்றாள்.

ஓரம் முழுக்க ரோம வரிசை. மீசை இல்லை.

“இது எங்க வீட்டுச் சாக்கடை ஓரத்துல நிக்கிறதுதான்” என்றாள் அவள்.

“அதேதான். ஓடையில கொஞ்சம் இலை ஒடுங்கியிருக்கு, அவ்வளவுதான்.” ஆராய்ச்சியாளர் அச்செடுத்த தாளை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அதைப் பார்த்தும் அவள் அழவில்லை. அதற்கு ஆராய்ச்சியாளர் முன்னால் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். “நாளைக்கு இது போயிருந்தா, எவனாவது அடுத்த வருஷமே பிரிச்சுப் பாத்துட்டு என்னைக் கிழிச்சிருப்பான். கோபம் போறதுக்கு எனக்கு ரெண்டு நாள் குடுங்க அக்கா. அதுவரைக்கும் மேல வராதீங்க.”

அவள் தாள்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பினாள். வாசல் வரை போனபோது ஆராய்ச்சியாளர் மறுபடி கூப்பிட்டாள்.

“உறைய மாத்தி ஒட்டினா மட்டும் போதாது. திருத்தச் சீட்டு வைக்கணும். இந்தாங்க.”

திருத்தச் சீட்டு என்பது விரல் நீளக் காகிதம். எந்தத் தாளில் எந்தப் பெரிய மனிதர் சொன்னதைத் திருத்தினாலும், திருத்தியவர் சீட்டில் காரணம் எழுதி, பெயரும் தேதியும் போட்டு ஒட்ட வேண்டும். அதைக் கிழிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. அவள் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறாள், ஒன்றுகூட எழுதியதில்லை.

“நீங்க எழுதிக் குடுங்க மேடம், நான் ஒட்டுறேன்.”

“கண்டுபிடிச்சது நீங்க. நீங்கதான் எழுதணும்.”

“என்னன்னு பேரு போட? கோந்தக்கான்னா?”

“சான்றிதழ்ல இருக்கிற பேரு.”

கீழே வந்து, அழியாத மை பேனாவை எடுத்து, முதலில் ஒரு பழைய காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். பிறகு சீட்டில் எழுதினாள்: ‘இத்தாளின் உறையில் இருந்த கொண்டைகள் 4418-ஐச் சேர்ந்தவை. ஒட்டும்போது மின்விசிறிக் காற்றில் கலந்தன. பிரித்துப் பார்க்காமல் மாற்றிப் போட்டவள் நான்.’ தேதி போட்டாள். அதற்குக் கீழே தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். வால் எதுவும் இல்லாமல் அது சின்னதாக இருந்தது. சாயங்காலம் மகள் வாசலிலேயே நின்று, கட்டுரை நாளைக்குத்தானே போகுது என்று கேட்பாள். அவளை உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும், நாளைக்கு அவள் போய் டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

மை காயும்வரை காத்திருந்தாள். பிறகு சீட்டைக் கவிழ்த்து, நாலு மூலைக்கும் நடுவுக்கும் கோந்து தடவி, முந்நூறு வருஷம் தாங்குகிற மாதிரி அழுத்தி ஒட்டினாள்.